28 நாள் ஆட்டம்

குழு: கும்பகோணம் வீடு

ரகு, இரவு 9:12
செல்வம் மாமா, ஒரு சந்தேகம். நியூயார்க்கில் நான் தங்கியிருக்கிற ஓட்டலில் 28 நாள் ஆனதும் அறையைக் காலி செய்துவிட்டு நாலாம் மாடிக்குப் போகச் சொல்கிறார்கள். இங்கே அதுதான் வழக்கமாம்.

செல்வம் மாமா, 9:15
வழக்கமாவது! 30 நாள் தொடர்ந்து தங்கிவிட்டால் கோர்ட்டுக்குப் போகாமல் உன்னை வெளியேற்ற முடியாது. அதற்குப் பயந்துதான் இந்த ஆட்டம். நியூயார்க்குக்கு வந்த நாள் முதல் பார்க்கிறேன். கட்டடம் பழசா?

ரகு, 9:16
வாசல் கல்லில் 1926 என்று இருக்கிறது. மாடிக்குப் பத்துப் பன்னிரண்டு அறை. பாத்ரூம் பொது.

செல்வம் மாமா, 9:21
அப்படியானால் வாடகைக் கட்டுப்பாட்டில் வர நிறைய வாய்ப்பு. 1969 ஜூலை 1-க்கு முன் கட்டியது, ஆறு அறைக்குக் குறையாதது, 1968 மே 31 அன்று மாதம் 350 டாலருக்கோ வாரம் 88 டாலருக்கோ கீழே வாடகை இருந்த அறை. இவ்வளவுதான் கணக்கு. வந்த அன்றே குடியிருப்பவர் உரிமைகள் என்று ஒரு தாள் தந்தார்களா?

ரகு, 9:22
வைஃபை பாஸ்வேர்டு தந்தார்கள்.

அம்மா, 9:24
தம்பி, அவன் போய் ஒரு மாசம்கூட ஆகவில்லை. வம்பு வழக்கெல்லாம் வேண்டாம்ப்பா.

செல்வம் மாமா, 9:27
வழக்கு இல்லை அக்கா, ஒரு கடிதம். ரகு, ஆறு மாத ஒப்பந்தம் வேண்டும் என்று இன்றைக்கே மெயிலில் கேள். கேட்டாலே நீ நிரந்தரக் குடித்தனக்காரன். 15 நாளுக்குள் போட்டுத் தர வேண்டும். வாயால் கேட்காதே, நாளைக்கு இல்லை என்பார்கள்.

காயத்ரி, 9:31
வாடகை அவர்கள் சொல்வதுதானா மாமா?

செல்வம் மாமா, 9:38
அங்கேதான் பதிவு வருகிறது. ஏப்ரல் 1 நிலவரப்படி ஒவ்வொரு அறையையும் அதன் வாடகையோடு வருஷா வருஷம் மாநில வீட்டுவசதித் துறையில் பதிய வேண்டும், ஜூலை 31 கடைசி. 1984-லிருந்து இப்படித்தான், ஓட்டலுக்கும் உண்டு. வந்து போகிறவர்கள் தங்கும் அறைக்கு வாடகைக் கட்டுப்பாட்டிலிருந்து தற்காலிக விலக்கு என்று குறித்துவிடுவார்கள். அதைப் பார்த்து மிரளாதே, நீ நிரந்தரம் ஆனதும் அந்த விலக்கு செல்லாது. பதியாமல் விட்டிருந்தால் கடைசியாகப் பதிந்த வாடகைக்கு மேல் கேட்க முடியாது. இப்போது அறைக்கு மாதம் 500 டாலர் அபராதம் வேறு. துறையிடம் உன் அறையின் வாடகை வரலாற்றைக் கேட்டு வாங்கு.

அப்புறம், ஓட்டல் என்றால் வாரம் ஒருமுறை துப்புரவு, விரிப்பு மாற்றம், அறைக்குள் சாமான், லாபியில் 24 மணி நேரமும் ஆள். நாலும் இருக்கிறதா?

ரகு, 9:41
பத்து மணிக்கு மேல் லாபியில் நாற்காலி மட்டும்தான். விரிப்பு மாற்றிப் பதினெட்டு நாள் ஆகிறது.

செல்வம் மாமா, 9:42
தேதி போட்டு எழுதி வை. படமும் எடு.

அம்மா, 9:43
பதினெட்டு நாளா ஒரே விரிப்பிலா படுக்கிறாய்?!

ரகு, 9:58
மெயில் அனுப்பிவிட்டேன் மாமா.

அம்மா, 9:59
விரிப்பு?