பேய்ப்பட ரீமேக்கை இலங்கை மலையகத்தில் பார்த்த அனுபவம்: ஊர்ப் பெயரோடு உங்களுடையதையும் எழுதுங்கள்

மஸ்கெலியா

"பார்த்த பேயையே மறுபடி பார்த்து என்ன பயப்படப் போகிறோம்?" ரீமேக் என்றதும் பலர் இதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

மாசி மாதம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து ஆடுவார்கள், சிவன் மன்மதனை எரித்த கதை. அதில் வீரபத்திரன் வருவான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போன வருஷமும் வந்தான், அதற்கு முந்திய வருஷமும் வந்தான். ஆனாலும் தூரத்தில் பந்தம் அசைந்ததுமே நாங்கள் அப்பாயியின் சேலைக்குள் புகுந்துகொள்வோம். வருவான் என்று தெரிந்ததால் வந்த பயம் அது. எந்தப் பக்கமிருந்து வருவான் என்பதுதான் தெரியாது. ஒரு வருஷம் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்துப் பக்கம், இன்னொரு வருஷம் தேயிலைக்குள்ளிருந்து. நல்ல ரீமேக் அப்படித்தான், வேறு பக்கமிருந்து வரும்.

நான் சொல்ல வந்தது 'தி ரிங்' பற்றி. கோஜி சுசுகியின் நாவலை வைத்து ஹிதியோ நகாதா 1998இல் ஜப்பானில் 'ரிங்கு' எடுத்தார். அதை 2002இல் கோர் வெர்பின்ஸ்கி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். ஒரு வீடியோ கெசட்டைப் பார்த்தவரை, கிணற்றில் செத்த ஒரு பெண்ணின் பேய் ஏழு நாளில் கொன்றுவிடும் என்பது இரண்டுக்கும் பொதுவான கதை.

நாங்கள் முதலில் பார்த்தது ரீமேக்கைத்தான். நான் பள்ளிக்கூடம் போன காலம். டவுனில் வாடகைக்கு எடுத்த சீடி, இரண்டு தட்டு. சின்னம்மாவின் காம்பராவில், அதாவது லயம் என்கிற வரிசை வீட்டின் ஓர் அறையில், பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். தகரத்தில் மழை கொட்டியதில் வசனம் பாதி கேட்கவில்லை, கேட்டதிலும் ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. அது ஒரு குறையாகவே படவில்லை. படம் முழுக்க மழை, ஈரம், பச்சை படிந்த மங்கல் வெளிச்சம். நம் கதவைத் திறந்தாலும் வெளியே அதே நிறம்தான். கப்பலில் மிரண்ட குதிரை கடலில் பாய்ந்த இடத்துக்குக் கொஞ்சம் பிறகு கரண்ட் போய்விட்டது.

முடிவு தெரியாமல் அந்த இரவைக் கழித்தோம். தண்ணீர் பிடிக்கப் பீலிக்கு யாரும் போகவில்லை. தண்ணீருக்குள் இருப்பது ஒரு நாள் மேலே வரும் என்பது எங்கள் ஊருக்குப் புதிதும் இல்லை. மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் பழைய மஸ்கெலியா டவுன் கிடக்கிறது. வறட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் தலை காட்டும். "அந்தக் கடைத்தெருவுல நான் மாவு வாங்கியிருக்கேன்" என்று தாத்தா கையை நீட்டிக் காட்டுவார். அவர் காட்டிய பக்கம் வெறும் தண்ணீர்தான் இருக்கும்.

ஜப்பான் படத்தைப் பல வருஷம் கழித்துத்தான் பார்த்தேன். அது இன்னும் அமைதியான படம். பேயின் முகத்தைக் கடைசிவரை முடி மூடியிருக்கும், ஒரு கண் மட்டும் தெரியும். ரீமேக் முகத்தைக் காட்டிவிடுகிறது. அந்த ஒரு விஷயத்தில் பழையதுதான் பெரிது. ஆனால் பழையதில் கதாநாயகியின் முன்னாள் கணவருக்கு அமானுஷ்ய சக்தி உண்டு, தொட்டதுமே பழசெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். ரீமேக் அந்தச் சக்தியை எடுத்துவிட்டது. அதில் வரும் ஆள் நம்மைப் போல எதையும் நம்பாதவர். அதனால் ஒவ்வொன்றையும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஜப்பான் படத்தில் எரிமலை வெடிப்பதை முன்கூட்டியே சொன்ன ஒரு தாய் வருவாள். அந்த ஊருக்கு எரிமலை சரி. அமெரிக்கத் தீவுக்கு அது ஒட்டாது என்று குதிரைப் பண்ணையை வைத்தார்கள். ரீமேக் என்றால் இந்த உழைப்பைத்தான் நான் மதிக்கிறேன்.

இன்னொன்று. கெசட்டைப் பிரதி எடுத்து இன்னொருவருக்குக் காட்டினால்தான் அந்தக் கதையில் உயிர் தப்பலாம். பிரதியாகிப் பிரதியாகிப் பரவுகிற ஒரு பேயின் கதையை ரீமேக் செய்வதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

பதுளை

அண்ணே, 'சந்திரமுகி'யை விட்டுவிட்டீர்களே. எனக்கு அதுதான் உங்கள் பேச்சுக்குச் சரியான சான்று. பாசில் 1993இல் மலையாளத்தில் எடுத்த 'மணிச்சித்ரதாழு'தான் மூலம். அதில் வீட்டுப் பெண்ணுக்குள் வருகிற நாட்டியக்காரி தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசுவாள். மலையாள வீட்டுக்குள் இரவில் ஒரு தமிழ்க் குரல் கேட்பதுதான் அங்கே பயம். தமிழ் ரீமேக்கில் அவள் தமிழே பேசினால் நாம் பயப்படுவோமா? 2005இல் பி. வாசு அவளைத் தெலுங்கு பேச வைத்தார். 2007 இந்தி ரீமேக்கில் அவள் வங்காளம் பேசுகிறாள். வீட்டுப் பெண்ணின் வாயில் வீட்டுக்குச் சொந்தமில்லாத மொழி வர வேண்டும், அதுதான் கணக்கு.

இது எனக்குப் படம் பார்த்துத் தெரிந்ததில்லை. எங்கள் அப்பாயிக்குச் சாமி வந்தால் தெலுங்கில் பேசுவார். அவருடைய தாய்வழி ஆட்கள் தெலுங்குக்காரர்கள். மற்ற நாளில் ஒரு தெலுங்கு வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. திருநீறு பூசியதும் சாதாரணமாகிவிடுவார், தேத்தண்ணி கேட்பார். ஜோதிகா அந்தத் தெலுங்கு வசனத்தைப் பேசியபோது தியேட்டரில் எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அப்பாயியின் முகம்தான் தெரிந்தது, கை எழவில்லை.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். மலையாளப் படத்தில் மோகன்லால் பாதிப் படத்துக்குப் பக்கத்தில்தான் வருகிறார். அதுவரை வீடும் அந்தப் பெண்ணும் மெல்ல மெல்ல நமக்குள் இறங்கிவிடுகிறார்கள். தமிழில் ரஜினி தொடக்கத்திலேயே வந்துவிடுகிறார். பொறுமையாகச் சேர்ந்திருக்க வேண்டிய பயம் அதனால் குறைந்துபோனது.

தலவாக்கலை

தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், இரவு வேலை பார்த்தவன் நான். ஜான் கார்பென்டரின் 'தி திங்' பற்றி யாரும் எழுதவில்லை. 1951இல் வந்த படத்தில் பனிக்குள் ஒரே ஒரு ராட்சத உருவம். 1982 ரீமேக்கில் அது யார் உருவத்தையும் எடுத்துக்கொள்ளும், பக்கத்தில் நிற்பவன் மனிதனா என்றே தெரியாது. இரண்டுக்கும் மூலமான பழைய கதைக்கு ரீமேக்தான் நெருக்கம் என்கிறார்கள். பனிமூட்டத்தில் டார்ச் வெளிச்சம் மட்டும் எதிரே வரும்போது "யாரு?" என்று கேட்டுப் பதில் வர ஒரு நொடி தாமதமானால் எப்படி இருக்கும் என்று இரவு வேலைக்குப் போனவர்களைக் கேளுங்கள்.

ஹட்டன்

எல்லாரும் நல்லதையே சொல்கிறீர்கள். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வை 1998இல் கஸ் வான் சான்ட் ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட் அப்படியே, கலரில் எடுத்தார். பார்த்தேன், ஒரு மயிர்க்கூச்சும் இல்லை. எதையும் மாற்றாவிட்டால் எதற்கு எடுக்க வேண்டும்?

அப்புறம் மஸ்கெலியா அண்ணே, அந்த இரண்டாவது தட்டு என்ன ஆனது?

மஸ்கெலியா

'சைக்கோ' பற்றி நீங்கள் சொல்வது சரி, தம்பி. அதை நான் தாங்கிப் பேசமாட்டேன்.

இரண்டாவது தட்டை மறுநாள் பின்னேரம், வெளிச்சம் இருக்கும்போதே போட்டோம். அந்தப் பெண் கிணற்றிலிருந்து ஏறி டீவிக்குள்ளிருந்தே வெளியே வந்தபோது சின்னம்மா எழுந்து வெளியே இஸ்தோப்புத் திண்ணைக்குப் போய்விட்டார். முடிந்ததும் உள்ளே வந்து ஒரு பழைய சேலையால் டீவியை மூடினார். சீடியைத் திருப்பிக் கொடுக்க இன்னும் ஒரு நாள் மீதம் இருந்தது. அதை வீட்டில் வைத்துக்கொள்ள அவர் விடவில்லை. பொழுது சாயும் முன்னமே மேல் லயத்துப் பிள்ளைகளிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.