தாண்டிக்குடியில் கண்ட மண்டையோட்டு அந்துப்பூச்சி: ஸ்டிக்ஸா, லாக்கெசிஸா?

அனைவருக்கும் வணக்கம். கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கு அருகே ஒரு காப்பித் தோட்ட வீட்டின் விளக்கொளிக்கு வந்து சுவரில் அமர்ந்திருந்த அந்துப்பூச்சியின் மூன்று படங்களை இணைத்துள்ளேன். இனத்தை உறுதிசெய்ய உதவ வேண்டுகிறேன்.

முதுகில் மண்டையோட்டுக் குறி தெளிவாக இருப்பதாலும், மெல்லத் தொட்டதும் கீச்சென்று ஒலி எழுப்பியதாலும், இது மண்டையோட்டு அந்துப்பூச்சிகளின் பேரினமான அக்கெரோன்சியா என்பதில் எனக்கு ஐயமில்லை. அப்பேரினத்தில், ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் பரவலாகக் காணப்படும் அட்ரோப்போஸ் இனம் நம் பகுதிக்குரியதன்று என்பதால், ஸ்டிக்ஸ், லாக்கெசிஸ் ஆகிய இரண்டு இனங்களுமே எஞ்சுகின்றன. இவ்வட்டாரத்தில் நான் இதுவரை பார்த்தவை எல்லாம் ஸ்டிக்ஸ்தான். எள், மல்லிகை, கத்தரிச் செடிகளில் அதன் பெரிய புழுக்களையும் கண்டிருக்கிறேன். இப்பூச்சியோ அவற்றைவிடப் பெரியதாகவும் கருமை மிகுந்தும் தெரிந்தது.

லாக்கெசிஸின் பின்னிறகு அடிப்பகுதியில் பெரிய கரும்பட்டை இருக்கும். ஸ்டிக்ஸுக்கு அவ்விடம் மஞ்சளாகவே இருந்து, வெளியோரத்துக்கு இணையாக இரண்டு கருங்கோடுகள் ஓடும். ஆனால் அமர்ந்திருக்கையில் முன்னிறகுகள் பின்னிறகை முழுவதும் மூடிவிடுகின்றன. மூன்றாவது படத்தில் அது இறகைச் சற்றே உயர்த்தியபோது அடிப்பகுதி கருப்பாகத் தெரிகிறது. அது பட்டைதானா, வெறும் நிழலா என்று தீர்மானிக்க இயலவில்லை.

எனவே, முன்னிறகின் கோலத்தையோ வயிற்றின் அடிப்புறத்தையோ மட்டும் கொண்டு இவ்விரண்டையும் நம்பகமாகப் பிரிக்க முடியுமா என்பதை அறிந்தவர்கள் தயவுசெய்து விளக்குங்கள். பழனி மலைப் பகுதியில் லாக்கெசிஸைப் படமெடுத்தவர்கள் இருந்தால், பின்னிறகு தெரியும் படத்தை ஒப்பீட்டுக்காகப் பகிர்ந்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.