பேரிடர் ஆயத்தத்தில் ஹாம் வானொலித் தன்னார்வலர்களின் பங்கு என்ன?

கேள்வி:
எங்கள் குடியிருப்போர் குழு வெள்ளம், புயல் போன்ற இடர்களுக்கான ஆயத்தத் திட்டத்தை எழுதி வருகிறது. கைப்பேசிச் சேவை அடியோடு நின்றுபோனால் என்ன செய்வது என்ற பகுதி மட்டும் இன்னும் நிரப்பப்படவில்லை. உரிமம் பெற்ற ஹாம் வானொலியாளர்கள் (பொழுதுபோக்காகச் சொந்தக் கருவியில் வானொலித் தொடர்பு கொள்பவர்கள்) சிலர் உதவ முன்வந்திருக்கிறார்கள். ஆனால், வாக்கி டாக்கிகளை மொத்தமாக வாங்கி வீடுதோறும் கொடுத்துவிட்டால் போதும் என்று உறுப்பினர்கள் சிலர் வாதிடுகிறார்கள். எது சரி?

மறுமொழி 1:
வீடுதோறும் கொடுப்பதை முதலில் கைவிடுங்கள். ஹாம் அலைவரிசைகளில் ஒலிபரப்ப உரிமம் வேண்டும். உரிமம் இருந்தாலும், நூறு பேர் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசினால் யார் சொல்வதும் யாருக்கும் கேட்காது. 5 வாட் கையடக்கக் கருவி கட்டடங்களுக்கிடையே சில கிலோமீட்டரைத் தாண்டுவதே அரிது. ரிப்பீட்டர், அதாவது உயரத்தில் இருந்து குறிப்பலையை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் நிலையம், இருந்தால் தொலைவு கூடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கும் மின்சாரம் வேண்டும், அதன் கோபுரமும் சாயலாம். ஆகவே, ரிப்பீட்டர் இல்லாமல் நேரடியாக எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்குக் கேட்கிறது என்பதை இப்போதே தன்னார்வலர்களை நடக்கவைத்துச் சோதித்து, வரைபடத்தில் குறித்துவையுங்கள். கேட்காத இடங்களைத் தெரிந்துகொள்வதுதான் அந்தச் சோதனையின் பெரிய பயன்.

மறுமொழி 2:
பகுதிக்குள் பேசுவதற்கு மேற்சொன்னது போதும். நூறு, இருநூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊருக்குச் செய்தி போக வேண்டுமென்றால் 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற சிற்றலைகள் தேவை. ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுள்ள இருமுனைக் கம்பி ஆன்டெனாவை மூன்று, நான்கு மீட்டர் உயரத்தில் தாழ்வாகக் கட்டினால், அலை செங்குத்தாக மேலே சென்று வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுச் சுற்றுவட்டாரம் முழுவதும் இறங்கும்; இடையில் மலை இருந்தாலும் தடையில்லை. இரவில் அது கைகொடுக்காதபோது 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு மாற வேண்டியிருக்கும். அதற்கான கம்பியின் நீளம் இருமடங்கு.

மின்கலத்தைப் பற்றி யாரும் கணக்குப் போடுவதில்லை என்பது என் நெடுநாளைய மனக்குறை. 100 வாட் கருவி கேட்கும்போது சுமார் 1 ஆம்பியரும், பேசும்போது 20 ஆம்பியர் வரையும் இழுக்கும். மணிக்கு 6 நிமிடம் பேசுவதாக வைத்துக்கொண்டால், மிகையாகக் கணக்கிட்டாலும் மணிக்கு 3 ஆம்பியர்-மணி செலவாகும். 100 ஆம்பியர்-மணி ஈய-அமில மின்கலத்தில் பாதியைத்தான் பயன்படுத்தலாம் என்பதால் 16, 17 மணி நேரம் ஓடும். மூன்று நாள் இருட்டுக்கு இது போதாது; சூரியத் தகடு வேண்டும், அல்லது ஒலிபரப்புத் திறனைக் குறைக்க வேண்டும்.

மறுமொழி 3:
கருவியைக் காட்டிலும் செய்தியைக் கையாளும் ஒழுங்கே முக்கியம் என்பது என் கருத்து. ஒவ்வொரு செய்தியையும் தாளில் எழுதி, எண், அவசர நிலை, அனுப்புநர், பெறுநர், நேரம், சொற்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்த பிறகே ஒலிபரப்ப வேண்டும். ‘பள்ளி முகாமில் 40 பேர் குடிநீர் உடனே தேவை’ என்பதில் ஏழு சொற்கள். எழுதிக்கொண்டவரிடம் ஆறுதான் இருந்தால் ஒன்று விட்டுப்போயிற்று என்று உடனே தெரிந்துவிடும். இரைச்சலில் நாற்பது நானூறாகிவிடக்கூடும் என்பதால் எண்களை நான்கு, சுழி என்று இலக்கமாகவே சொல்வது வழக்கம். யார் எப்போது பேசலாம் என்பதை நெட் கன்ட்ரோல் நிலையம் ஒன்றே முடிவுசெய்யும். இன்னொன்று: ஹாம் அலைவரிசையை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், பிறருக்குப் புரியாதபடி செய்தியை மாற்றி அனுப்பும் மறைகுறியீட்டுக்குப் பொதுவாக அனுமதியில்லை. எனவே, நோயாளியின் பெயரையும் நோயையும் சேர்த்துச் சொல்லாதீர்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஒத்திகையை எப்படி நடத்துவது?

மறுமொழி 3:
முன்கூட்டி நாளை மட்டும் அறிவியுங்கள், நேரத்தை அறிவிக்க வேண்டாம். அன்று வீட்டு மின்சாரத்தையும் கைப்பேசியையும் எவரும் தொடக்கூடாது. முகாமாகத் திட்டமிட்ட கட்டடத்தில் ஹாம் ஒருவரையும், எழுதித்தர உங்கள் குழுவில் ஒருவரையும் அமர்த்தி, பத்துச் செய்திகள் மறுமுனைக்குச் சொல் பிசகாமல் போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். எழுதித்தருபவர் உரிமம் இல்லாதவராக இருக்கலாம். அந்த வேலைக்குத்தான் உங்களுக்கு ஆள் அதிகம் தேவைப்படும்.