மெர்டேக்கா அரங்கத்தில் மறுபடியும் பந்து உருள வேண்டாமா?

செந்தூல் மணி:
கோலாலம்பூரின் 118 மாடிக் கோபுரத்தைப் படம் பிடிக்க வருகிற கூட்டம் பக்கத்திலேயே இருக்கும் மெர்டேக்கா அரங்கத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 1957 ஆகஸ்டு 31 காலையில் மலேசியாவின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் ஏழு முறை ‘மெர்டேக்கா’ (சுதந்திரம்) என்று முழங்கிய இடம். 1975-இல் உலகக் கிண்ண ஹாக்கி இறுதியாட்டமும் முகம்மது அலியின் குத்துச்சண்டையும் இங்கேதான். 1980-இல் ஒலிம்பிக் காற்பந்துத் தகுதிச்சுற்றில் தென்கொரியாவை 2-1 என்று சாய்த்தோமே, கோல் காத்தது நம் ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம், கடைசி நேரத்தில் ஜேம்ஸ் வோங் அடித்த கோலை அப்பா இன்றும் எழுந்து நின்றுதான் சொல்வார். அப்படிப்பட்ட திடல் இன்று எந்த லீக் குழுவுக்கும் சொந்தத் திடல் இல்லை.

காஜாங் பாலா:
அண்ணே, திடல் இருக்கிறதே, அதுவே பெரிய விஷயம். புக்கிட் ஜாலில் விளையாட்டு வளாகம் கட்டித் தருவதற்கு ஈடாக இந்த நிலம் தனியார் கைக்குப் போனது. 1997 பொருளாதார நெருக்கடி மட்டும் வராமல் இருந்திருந்தால் அங்கே இப்போது கடைத்தொகுதிதான் நின்றிருக்கும். ஷா ஆலாம் அரங்கத்தைப் பாருங்கள், 1994-இல் திறந்து, 2020-இல் மூடி, 2024-இல் இடிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள்.

செந்தூல் மணி:
இடிக்கவில்லை, சரி. ஆனால் 50-ஆவது சுதந்திர தினத்துக்காகப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகிறோம் என்று பிற்காலத்தில் கட்டிய மேல் இருக்கைகளை எடுத்துவிட்டார்களே. ஒரு காலத்தில் ஏறக்குறைய 50,000 பேர் உட்கார்ந்த இடம், இப்போது 20,000 பேருக்குத்தான். அங்கே எந்தப் பெரிய ஆட்டத்தை நடத்துவது?

காஜாங் பாலா:
அந்தச் சீரமைப்புக்குத்தான் 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருது கிடைத்தது. பெரிய ஆட்டத்துக்குத்தான் 1998-இலிருந்து புக்கிட் ஜாலில் இருக்கிறதே, 80,000 பேருக்கு மேல் கொள்ளும்.

கிள்ளான் தேவி:
இரண்டு பேருமே தேசியக் குழுவையே நினைக்கிறீர்கள். லீக்கில் பாதி ஆட்டங்களுக்கு 20,000 இருக்கையே நிறையாது. எம்ஆர்டி ரயில் நிலையம் வாசலிலேயே இருக்கிறது, புக்கிட் ஜாலிலில் ஆட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தைவிட்டு வெளியே வர எவ்வளவு நேரமாகும் என்று போனவர்களுக்குத் தெரியும். பள்ளிகளின் இறுதியாட்டம், பெண்கள் காற்பந்து, 23 வயதுக்குட்பட்டோர் ஆட்டம், இதையெல்லாம் இங்கே வையுங்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும் அந்தப் புல்லில் ஓடட்டும்.

காஜாங் பாலா:
அதற்கு நான் எதிரி இல்லைமா. ஆனால் ஒரு மாதம் கச்சேரி மேடை, அடுத்த மாதம் ஆட்டம் என்றால் புல் தாங்காது. முதலில் கச்சேரியை வேறு இடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

செந்தூல் மணி:
அதில் நானும் உங்கள் பக்கம்தான் தம்பி. ஆனால் அந்த மேல் இருக்கைகளை எடுத்தது தப்பு, அதை விடமாட்டேன்.