புதுப்பிப்பு: பழைய பெட்ரோல் காரில் மிஸ்ஸிங், காரணம் கிடைத்தது

மழை நாளில் மிஸ்ஸிங் (ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது), என்ஜின் குலுங்குகிறது, மேட்டில் இழுவை இல்லை என்று இரண்டு மாதம் முன்பு கேட்டிருந்தேன். 2003 மாடல், 4 சிலிண்டர். யோசனை சொன்னவர்களுக்கு நன்றி, சரியாகிவிட்டது.

ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது) இன்ஜெக்டர்களின் (சிலிண்டருக்குப் பெட்ரோல் தெளிப்பவை) கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். 1, 3, 4-ஐக் கழற்றினால் தடுமாற்றம் கூடியது. 2-ஐக் கழற்றினால் ஒரு மாற்றமும் இல்லை. அப்படியென்றால் ஏற்கெனவே வேலை செய்யாமல் இருந்தது 2-வது சிலிண்டர்தான். அதன் ஸ்பார்க் பிளக்கை (பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி தருவது) 3-க்கு மாற்றிப் போட்டும் மிஸ்ஸிங் 2-லேயே நின்றது. அதற்குள் புது பிளக் செட் வாங்கியிருந்தேன், தண்டம்.

இருட்டில் பானெட்டைத் திறந்து பிளக் ஒயர்கள் மேல் தண்ணீர் தெளிக்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. லேசாகத் தெளித்ததுமே 2-வது ஒயரின் ரப்பர் மூடியிலிருந்து ஹெட்டுக்கு (என்ஜினின் மேல் பகுதி) நீலப் பொறி தாவியது. மல்டிமீட்டரில் அந்த ஒயரும் மற்றவை போலவே ரெசிஸ்டன்ஸ் காட்டியதால் அதை விட்டுவைத்திருந்தேன். (ஓடும் என்ஜினில் ஒயரைத் தொடாதீர்கள், ஷாக் பலமாக இருக்கும்.)

எதிர்பாராதது, பிளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தது. டேப்பெட் கவர் (என்ஜினின் மேல் மூடி) பேக்கிங் கசிந்து ரப்பரை ஊறவைத்திருக்கிறது. ஒயர் செட்டோடு பேக்கிங்கும் மாற்றினேன். பிளக் குழி சீல்களையும் சேர்த்தே வாங்குங்கள். நான் மறந்துவிட்டு இன்னொரு தடவை கடைக்கு ஓடினேன். அப்புறம் மூன்று வாரம், இரண்டு நல்ல மழை. குலுக்கல் இல்லை.