சக்‌ஷன் மெஷின் ஓடுது, சளி மட்டும் வரல. அழுத்தத்தைக் கூட்டலாமா?

திருமங்கலத்தான்

அப்பாவுக்குத் தொண்டையில ஓட்டை போட்டு மூச்சுக்கு வெச்ச 8-ஆம் நம்பர் ட்ரக்கியாஸ்டமி ட்யூப், உள்குழாய் தனியா கழட்டுற மாதிரி. ஆக்சிஜன் இல்ல, தானா மூச்சு விடுறார். மெஷின் சத்தம் நல்லா கேக்குது, ஆனா இழுக்க மாட்டேங்குது. மெஷின் ட்யூப் நுனி திறந்திருக்கும்போதே மீட்டர் முள் 400 எம்.எம்.-ஐ (பாதரச அழுத்த அளவு) தாண்டி நிக்குது. சளி கெட்டியா இருக்குன்னு பச்சை முனை 14 கதீட்டர் (தொண்டைக்குள்ள விடுற மெல்லிய குழாய்) போடுறோம். இன்னும் கூட்டலாமா, மெஷினையே மாத்தணுமா? பராமரிப்புன்னு கரண்ட்டை நிறுத்துற அன்னைக்கு என்ன செய்யுறது?

பம்பு மெக்கானிக்

கூட்டாதீங்கண்ணே. நுனி திறந்திருந்தா முள் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்துலயே கிடக்கணும். ஏறி நிக்குதுன்னா பம்பு நல்லாத்தான் இருக்கு, வழியில எங்கயோ அடைப்பு. நுனியை அடைச்சும் முள் ஏறலைன்னாத்தான் காத்து ஒழுகுதுன்னு அர்த்தம்: ஜார் மூடி ரப்பர் வளையம், விரிசல் விட்ட ட்யூப், இல்ல பம்பு.

ஜாருக்கும் பம்புக்கும் நடுவுல வட்டமா, வெள்ளையா ஒரு ஃபில்டர் இருக்கும். பெரும்பாலும் குத்தவாளி அதுதான். நுரை ஏறி ஒரு தடவை நனைஞ்சா காத்து போகாது. அதைக் கழட்டிட்டு ஓட்டிப் பாருங்க, அஞ்சு வினாடி போதும். முள் இறங்கிட்டா அடைப்பு ஃபில்டர்லயோ ஜார் பக்கமோ இருக்கு. இறங்கலைன்னா அது பம்புப் பக்கத்து அடைப்பு, கடையில காட்டுங்க. ஃபில்டரைக் கழுவிக் காயவெச்சு மறுபடி போடாதீங்க, அது இல்லாமயும் ஓட்டாதீங்க. ஈரம் உள்ள போனா பம்பு வால்வு துருப்பிடிச்சு, அப்புறம் செலவு பெருசு. புதுசு போடும்போது 'இன்' எழுத்தைப் பாருங்க, அந்தப் பக்கம் ஜாரை நோக்கி வரணும்.

ஃபில்டர் நல்லா இருந்தா ஜார் மூடிக்கு அடியில உள்ள மிதவையைப் பாருங்க. உப்புத் தண்ணியில கழுவிக் கழுவி அது மேலயே ஒட்டிக்கிட்டு காத்து வழியை அடைச்சு நிக்கும். ஜார் முக்கால் நிறையுறதுக்கு முன்னாடியே கொட்டிடணும். கழுவின ஜார்ல நூறு மில்லி தண்ணி விட்டு வைங்க, சளி அடியில ஒட்டாது.

சில மெஷின்ல மீட்டர் மெகாபாஸ்கல் (MPa) கணக்குல இருக்கும். அதுல 0.02-ங்கிறது 150 எம்.எம். கோடு சின்னதா இருக்கேன்னு 0.04-க்குத் திருப்பிட்டா 300 ஆயிரும்!

மேலூர் செவிலியர்

மெஷின் சரியானாலும் அந்த 14 வேண்டாம். கதீட்டர், ட்யூப் உள்விட்டத்துல பாதியைத் தாண்டக் கூடாது. 8 மில்லிமீட்டர் ட்யூபுக்கு 12 போதும், வெள்ளை முனை. தடியா போட்டா சளியோட சேர்த்து நுரையீரல்ல இருக்குற காத்தையும் உறிஞ்சிடும், ஆளுக்கு மூச்சுத் திணறும்.

பெரியவங்களுக்கு 80-லிருந்து 120 எம்.எம். போதும். மெஷின் ட்யூப் நுனியை விரலால் மடக்கிப் பிடிச்சுக்கிட்டு முள்ளைப் பார்த்து வைக்கணும், திறந்து வெச்சுட்டு இல்ல. கை கழுவி கையுறை போட்டு, தலைப்பக்கம் உயர்த்தி, கதீட்டரோட கைப்பக்கம் இருக்குற ஓட்டையை மூடாம உள்ள விடுங்க. ஆழம் தொண்டை ட்யூப் நீளத்தைவிட அரை செ.மீ. கூட, மிஞ்சினா ஒரு செ.மீ. அதே அளவுல இன்னொரு தொண்டை ட்யூபை வெச்சு அளந்து கதீட்டர்ல குறி போட்டுக்கோங்க. இடிக்கிற வரைக்கும் தள்ளுறதுதான் ரத்தம் வரக் காரணம். வெளிய எடுக்கும்போது மட்டும் ஓட்டையை மூடி, மெதுவா சுழட்டி இழுங்க. உள்ள போய் வெளிய வர்றது எல்லாம் சேர்த்து 10 வினாடி. அரை நிமிஷமாவது மூச்சு வாங்க விட்டு அடுத்த தடவை. மூணு தடவைக்கு மேல வேண்டாம். வாயில விட்ட கதீட்டரைத் தொண்டை ட்யூபுக்குத் திருப்பக் கூடாது. மணிக்கணக்கு வெச்சும் எடுக்க வேண்டாம், கரகரன்னு சத்தம் வந்தா எடுங்க.

கதீட்டர் அஞ்சாறு செ.மீ.லயே நின்னுட்டா உள்குழாய்ல சளி காய்ஞ்சு அடைச்சிருக்கு. எந்த அழுத்தமும் அதை அசைக்காது. உள்குழாயைக் கழட்டி, கழுவின மாற்றுக் குழாயைப் போடுங்க. அப்படியும் மூச்சு சரியாகல, உதடு நீலம் பூக்குதுன்னா உடனே 108.

திருமங்கலத்தான்

ஃபில்டர்தான். நனைஞ்சு மஞ்சளா இருந்துச்சு. சரி, கெட்டிச் சளிக்குத் தொண்டை ட்யூப்ல சலைன் (உப்புக் கரைசல்) ஊத்தலாமா?

மேலூர் செவிலியர்

ஒவ்வொரு தடவையும் ஊத்துறது இப்ப சொல்றதில்ல. இருமல் வரும், ஆக்சிஜன் இறங்கும், மேல இருக்குற கிருமி கீழ போகும். நம்ம ஊரு வெயில்ல சளி காயுறதுதான் அடிப்படைச் சிக்கல். டாக்டர்கிட்ட கேட்டு நார்மல் சலைனை நெபுலைசர்ல வைங்க, ட்யூப் வாய்ல எச்.எம்.இ. ஃபில்டர் (மூச்சுல இருக்குற ஈரத்தைப் பிடிச்சு வைக்குறது) மாட்டுங்க. சளி தேங்கினா அது நனைஞ்சு கனமாயிரும், உடனே மாத்தணும். மதுரை பெரியாஸ்பத்திரி பக்கம் பனகல் ரோட்டு சர்ஜிக்கல் கடைகள்ல கேட்டுப் பாருங்க.

பம்பு மெக்கானிக்

கரண்ட்டுக்கு: மெஷின் பின்னாடி தகட்டுல வாட்ஸ் போட்டிருக்கும், அதைக் காட்டி இன்வெர்ட்டர் தாங்குமான்னு கேளுங்க. பேட்டரி மெஷின் இருந்தா கரண்ட் நிறுத்துற அறிவிப்பு வந்த ராத்திரியே முழுசா சார்ஜ் போடணும். அதையும் மட்டும் நம்பாம கால்ல மிதிக்கிற பம்பு ஒண்ணு கட்டில் பக்கத்துல கிடக்கட்டும். அதுல அழுத்தம் வெச்சுப் பூட்ட முடியாது, மெதுவா மிதிச்சு முள்ளைப் பார்க்கணும். கூடவே அம்பு பேக் (கையால அமுக்கி மூச்சு கொடுக்குற பை), 8-ஆம் நம்பர் தொண்டை ட்யூப் ஒண்ணு, அதுக்கு ஒரு அளவு சின்னது ஒண்ணு.