புதுப்பிப்பு: வழுக்கைத் தொப்பியின் ஓரம் ஏன் மறையவில்லை?

முடியை மறைத்துத் தலையை மொட்டையாகக் காட்ட மாட்டும் மெல்லிய உறைதான் வழுக்கைத் தொப்பி. கல்லூரி ஒப்பனைப் படிப்பின் செய்முறைத் தேர்வுக்கான முந்தைய பதிவில், "தொப்பி ஓரத்தை அசிட்டோனால் கரையுங்கள்" என்று பொதுவாகச் சொல்லியிருந்தோம். அது பாதிதான் சரி. அசிட்டோனில் கரைவது வினைல் பிளாஸ்டிக் தொப்பி. ரப்பர் பாலில் செய்த லேடெக்ஸ் தொப்பி கரையாது, தேய்க்கத் தேய்க்கத் தோல்தான் சிவக்கும். அதன் ஓரத்துக்குத் திரவ லேடெக்ஸை ஸ்பாஞ்சால் மெல்லிசாக ஒற்றி, ஒவ்வொரு பூச்சையும் காயவிட்டுச் சமன் செய்யுங்கள். மாடலுக்கு லேடெக்ஸ் ஒவ்வாமை உண்டா என்று முன்பே கேட்டே ஆகவேண்டும்.

வினைலுக்குக் காது குடையும் பஞ்சுக்குச்சியை அசிட்டோனில் நனைத்து, டிஷ்யூவில் ஒற்றிவிட்டுத்தான் ஓரத்தில் உருட்ட வேண்டும். ஓரம் பாலாடைபோல் இளகித் தோலோடு படியும். சொட்டச் சொட்ட வைத்தால் ஓட்டை விழும், கண்ணுக்கும் ஆபத்து. ஜன்னல் திறந்திருக்கட்டும்.

இன்னொன்று, பிடரியில் ஒட்டும்போது தலை பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். நிமிர்ந்ததும் தொப்பி இழுபட்டுச் சுருக்கம் போய்விடும். நேராக வைத்து ஒட்டியவர்களுக்குத்தான் கழுத்தில் மடிப்பு வந்திருக்கிறது. தொப்பியைத் தோலில் ஒட்டும் ப்ராஸ்-எய்ட் பசை பால்வெள்ளை போய்த் தெளிந்த பிறகே அழுத்துங்கள்.